சனிக்கிழமைப் பழுதுகள்

மாதத்தின் முதல் சனிக்கிழமை வீட்டுச் சொந்தக்காரர் நார்மன் ஹெப்வர்த் தன் கருவிப் பையைத் தூக்கிக்கொண்டு முன்வாசல் வழியாக வெளியேறுவார். அவர் பேருந்து ஏறியது உறுதியானதும் கெரி பின்சந்து வழியாக உள்ளே நுழைவான். முன்னவர் செய்துவிட்டுப் போன ரிப்பேரைப் பின்னவன் ரிப்பேர் செய்வான். ஆல்பியன் தெருவில், பெவ் குடியிருந்த அந்த வரிசை வீட்டில் பல வருடங்களாக இருந்துவந்த ஏற்பாடு இது. நார்மனைத் தவிரத் தெருவில் எல்லோருக்கும் தெரியும்.

கெரி, பெவ்வின் தங்கை புருஷன். முறையாகப் படித்துப் பரீட்சை எழுதி வந்த மின்வேலைக்காரன், குழாய் வேலையும் கைவசம் உண்டு. கூலி வாங்க மாட்டான். பெவ் வைக்கும் மாட்டிறைச்சி ஸ்ட்யூ ஒரு சட்டி போதும்.

"இன்னிக்கு மனுஷன் எதுல கையை வெச்சாரு?"

"அடுப்புப் பக்கத்து பிளக்கு."

கெரி மூடியைக் கழற்றி உள்ளே பார்த்தான். கருகிப்போன ஒரு கம்பியை வெளியே இழுத்துக் காட்டினான்.

"பெவ், இது பிளக்கு இல்ல. கொள்ளிக்கட்டை. இன்னும் ரெண்டு தடவை கெட்டில் போட்டிருந்தா தெருவே குளிர்காய்ஞ்சிருக்கும்."

"மெதுவாப் பேசு."

"யாருக்குக் கேக்கப்போவுது? அவரு பஸ்ல போயிட்டிருக்காரு."

"இருந்தாலும்."

கெரியிடம் ஒரு திறமை இருந்தது. உள்ளே எல்லாவற்றையும் பிடுங்கிப் புதிதாகப் போட்டுவிட்டு, வெளிமூடியை நார்மன் வைத்திருந்ததைப் போலவே கோணலாக வைப்பான். நேராக இருந்தால் சந்தேகம் வந்துவிடுமாம். மாடிப்படி மேலே, புகை வந்தால் அலறும் மணியைக்கூட அப்படித்தான் கொஞ்சம் சாய்த்து மாட்டியிருந்தான். நார்மனும் தான் முடித்த வேலையைத் திரும்பிப் பார்க்கும் ஆள் இல்லை. அடுத்து எதில் கைவைக்கலாம் என்பதிலேயே கண்ணாக இருப்பார். ஆயுள் முழுக்கத் தபால் நிலையத்தில் ஊர்வாரியாகக் கடிதம் பிரித்தவர். ஒரு கடிதத்தைச் சரியான கட்டத்தில் எறிவதைத் தவிர அந்தக் கைகளுக்கு வேறொன்றும் தெரியாது. அது அந்தக் கைகளுக்கு மட்டும் தெரிந்திருக்கவில்லை.

"வாயைத் திறந்து சொல்லிட வேண்டியதுதானே?" என்று தங்கை எத்தனையோ தடவை கேட்டுவிட்டாள். சொல்லுவதாம்! எங்கள் ஊரில் ஒருவர் காலை இன்னொருவர் மிதித்தால், மிதிபட்டவர்தான் முதலில் மன்னிப்புக் கேட்பார். மாதாமாதம் பஸ் ஏறி வந்து, முட்டி போட்டு, மூச்சு வாங்க வேலை செய்த மனிதர் எழுந்து நின்று, "எப்படி இருக்கு பெவ்?" என்று கேட்கும்போது, "ரொம்ப நல்லா இருக்கு நார்மன்" என்பதைத் தவிர வேறு என்ன வரும்? ஒரு தடவை அப்படிச் சொல்லிவிட்டால் முடிந்தது. அடுத்த தடவையும் அதையேதான் சொல்லியாக வேண்டும்.

பெவ் பள்ளிக்கூடச் சமையலறையில் வேலை பார்க்கிறவள். ஐம்பத்தேழு வயது, கனத்த உடம்பு, பிள்ளைகள் தட்டில் காய்கறியை ஒதுக்கினால் சத்தம் போட்டுவிட்டு யாரும் பார்க்காதபோது கூடுதலாக இனிப்பு வைக்கும் கை. கல்யாணமானதிலிருந்து வாடகை வீடுதான். முதல் வீடு மீன் வறுவல் கடைக்கு மேலே, தலைமுடியெல்லாம் எண்ணெய் வாசம். அடுத்ததில் ஜன்னல் மூடாது. அதற்கடுத்த வீட்டை அவள் பிரசவத்துக்கு ஆஸ்பத்திரியில் இருந்தபோதே விற்றுவிட்டார்கள். கைக்குழந்தையோடு வந்து இறங்கினால் வாசலில் வேறு யாரோ பெயிண்ட் அடித்துக்கொண்டிருந்தார்கள். இன்னொரு வீட்டுக்காரர் மகனுக்குக் கல்யாணம் என்றார். மற்றொருவர் காரணமே சொல்லவில்லை. சாமான் கட்டுவதில் அவள் கை தேர்ந்தவளாகிவிட்டாள். எந்தப் பெட்டியில் எது என்று எழுதாமலே தெரியும். இப்படி மாறி மாறிப் போனதில் ஒரு தடவை புருஷனும் விட்டுப்போனான். அதற்காக அவள் பெரிதாக அழவில்லை.

ஆல்பியன் தெரு வீடு நார்மனுக்கு அவருடைய அத்தை வழியாக வந்தது. வேறு வீடு அவருக்குக் கிடையாது, பெவ்வைத் தவிர வேறு குடித்தனக்காரரும் கிடையாது. வாடகையை ஏற்றவே தெரியாத மனிதர். இந்த வீட்டின் பின்பக்க மண்ணில்தான் பெவ் முதன்முதலாக, புளிப்புத் தண்டுக்காக வளர்க்கும் ருபார்ப் செடியை நட்டாள். நட்ட முதல் வருடம் அதன் தண்டை ஒடிக்கக் கூடாது, அடுத்த வருடம் ஏதோ கொஞ்சம், மூன்றாவது வருடம்தான் ஆசைதீர வெட்டலாம். மாறி மாறிப் போகிறவர்கள் யாரும் ருபார்ப் நட மாட்டார்கள். பெவ் நட்டாள், காத்திருந்தாள், சர்க்கரை போட்டு வேகவைத்து நார்மனுக்கும் ஒரு கிண்ணம் கொடுத்தாள்.

இப்படி இருந்த வீட்டுக்குத்தான் நகராட்சியிலிருந்து கடிதம் வந்தது. எங்கள் பக்கத்து ஏழெட்டுத் தெருக்களில் வீட்டை வாடகைக்கு விடுகிற யாரானாலும் இனி லைசென்ஸ் எடுக்க வேண்டும், அதிகாரி வந்து வீட்டைப் பார்ப்பார் என்று. நியாயமான காரியம்தான். எங்கோ தூரத்தில் உட்கார்ந்துகொண்டு, கூரை ஒழுகுகிற வீட்டுக்கு மாதம் தவறாமல் வாடகை வாங்குகிற ஆட்கள் அந்தத் தெருக்களில் நிறைய. சுவரெல்லாம் கறுப்புப் பூஞ்சை, குழந்தைகளுக்கு மூச்சிரைப்பு. அவர்களைப் பிடிக்கத்தான் அந்தச் சட்டம்.

ஆனால் நார்மனுக்கு அது கன்னத்தில் அறைந்தது மாதிரி இருந்தது.

"நாய் வளக்கறதுக்கு லைசென்ஸ் வேணாம்னு எப்பவோ எடுத்துட்டான். வீட்டுக்காரனுக்கு வேணுமாம்," என்றார், அந்தச் சனிக்கிழமை அடுப்படியில் உட்கார்ந்து. தேநீர் ஆறிக்கொண்டிருந்தது. "இந்த வீட்டுல ஒரு ஆணி என் கையால அடிக்காதது உண்டா பெவ்? நீயே சொல்லு."

பெவ் பிஸ்கெட் தட்டை அவர் பக்கம் நகர்த்தினாள்.

"வரட்டும். வந்து பாக்கட்டும். என் வேலையில ஒரே ஒரு குறை, ஒண்ணே ஒண்ணு சொல்லட்டும், அடுத்த வாரமே வீட்டை வித்துட்டுப் போயிட்டே இருப்பேன். அந்த வீடு விக்கிற ஏஜென்ட் பய வேற தினம் போன் பண்றான். எனக்கு எதுக்கு இந்த வயசுல இந்தத் தலைவலி?"

கோபத்தில் சொன்னதுதான். ஆனால் சொன்னால் செய்கிற மனிதர். பெவ் கணக்குப் போட்டுப் பார்த்தாள். பள்ளிக்கூடச் சமையலறைச் சம்பளத்துக்கு இன்றைக்கு இந்த ஊரில் ஒரு அறைகூடக் கிடைக்காது. மகள் வீட்டில், பேரப்பிள்ளைகளின் பொம்மைகளுக்கு நடுவே, சின்ன அறையில் மடக்குக் கட்டிலைப் போட்டுக்கொண்டு கிடக்க வேண்டியதுதான். மகள் நல்லவள்தான். அது வேறு விஷயம்.

அன்று மாலை கெரி வந்து வீட்டை மேலிருந்து கீழ் வரை தட்டிப் பார்த்தான். மணிகளை அமுக்கினான், குழாய்களைத் திறந்து மூடினான், பிளக்குகளுக்கெல்லாம் மானியை வைத்துப் பார்த்தான்.

"நகராட்சி இல்ல, ராணியே வந்து பாத்தாலும் ஒண்ணும் சொல்ல முடியாது," என்றான். "என்ன, கோணலா இருக்கேன்னு வேணா சொல்லுவாங்க."

"கோணலுக்கு மார்க் கொறைப்பாங்களா?"

"கோணலுக்கா? அப்ப நம்ம ஊர்ல ஒரு வீடும் தேறாது பெவ்."

பெவ் சிரித்தாள். அன்று நிம்மதியாகத் தூங்கினாள். குறை இருக்கிறதா என்றுதான் அவர்கள் இருவரும் யோசித்தார்கள். செய்தது யார் என்று யாராவது கேட்பார்கள் என்று இருவருக்குமே தோன்றவில்லை.

ஆய்வு நாளன்று நார்மன் டை கட்டிக்கொண்டு வந்தார். மனைவி மார்ஜரியின் சாவுக்கு அப்புறம் அவர் டை கட்டி பெவ் பார்த்ததில்லை. கையில் கருவிப் பையும் இருந்தது, ஏதாவது கேட்டால் அங்கேயே செய்து காட்டுவதற்கு. அதிகாரியின் பெயர் நபீலா இக்பால். முப்பதைத் தாண்டியிருக்கும். பக்கத்து ஊர்க்காரி, பேச்சு அச்சு அசல் எங்கள் பேச்சு.

"டீ குடிக்கிறீங்களா கண்ணு?" என்றாள் பெவ்.

"ஐயோ வேணாங்க. காலையிலேருந்து போற வீட்ல எல்லாம் குடுத்துட்டாங்க. இதுக்கு மேல குடிச்சா அடுத்த வீட்ல போனதும் பாத்ரூமைத்தான் மொதல்ல ஆய்வு பண்ணணும்."

நார்மன்கூடச் சிரித்துவிட்டார். நபீலா வேலையில் கெட்டி. ஜன்னல்களைத் திறந்து மூடினாள், சுவர் மூலையில் ஈரம் பார்க்கும் கருவியை வைத்தாள், படிக்கைப்பிடியை உலுக்கினாள், மாடி அறையை அளந்தாள், புகை மணியை அமுக்கித் தெருவையே எழுப்பினாள். நார்மன் அவள் பின்னாலேயே போனார்.

"இது நான் போட்டது. இதுவும் நான் போட்டதுதான். அந்த ஜன்னல் கொண்டியா? அதுக்கு ஒரு சனிக்கிழமை முழுக்க ஆச்சு."

"நல்லா இருக்கு சார்," என்றாள் நபீலா. மனதாரத்தான் சொன்னாள். "இந்தத் தெருவுல இன்னிக்கு நான் பாத்ததுல இதான் நல்ல வீடு."

நார்மனின் முகம் சிவந்துபோயிற்று, பெருமையில். பெவ்வுக்கு அதைப் பார்க்கச் சந்தோஷமாகவும் இருந்தது, சங்கடமாகவும் இருந்தது.

கடைசியாகப் படிக்கட்டுக்குக் கீழே இருந்த ஃபியூஸ் பெட்டி. நபீலா குனிந்து டார்ச் அடித்துப் பார்த்தாள்.

"சுத்தமான வேலை. யாரு மாட்டினது இதை?"

"நான்தான்," என்றார் நார்மன்.

"நீங்களா? எலக்ட்ரீஷியனா இருந்தீங்களா சார்?"

"தபாலாபீஸ். ஆனா கைவேலை எல்லாம் சொந்தமாக் கத்துக்கிட்டதுதான்."

நபீலா நிமிர்ந்தாள். முகத்திலிருந்த சிரிப்பு மெல்லப் போய்விட்டது.

"சார், இதை நீங்க தப்பா எடுத்துக்கக் கூடாது. பாக்கறதுக்கு நல்லாத்தான் இருக்கு. ஆனா ஃபியூஸ் பெட்டியைத் தகுதி இல்லாதவங்க மாட்டக் கூடாது, அது சட்டம். நீங்க மாட்டினதுன்னா நான் இதை ஆபத்துன்னுதான் எழுதணும். மொத்த வயரிங்கையும் பிரிச்சுப் பாக்கச் சொல்லுவாங்க. அதுவரைக்கும் லைசென்ஸ் தர முடியாது."

"ஆபத்தா? என் வேலையா?"

"நான் அப்படித்தான் எழுதியாகணும் சார். மன்னிச்சுக்கங்க."

நார்மன் ஃபியூஸ் பெட்டியையே பார்த்தார். டையின் முடிச்சைப் பிடித்துக்கொண்டு நின்றார். அடுப்படி வாசலில் நின்ற பெவ்வுக்கு எல்லாம் தெளிவாகத் தெரிந்தது. வாயை மூடிக்கொண்டிருந்தால் குறை எழுதப்படும், வீடு போகும். வாயைத் திறந்தால் இந்த மனிதரின் மானம் போகும், ஒருவேளை அதற்குப் பின்னாலேயே வீடும் போகும். எப்படிப் பார்த்தாலும் மடக்குக் கட்டில்தான். அப்படியிருக்க, இவர் செய்யாத தப்புக்கு இவர் பெயரில் ஒரு தாளில் ஆபத்து என்று எழுத விடுவதா?

"அவரு மாட்டல," என்றாள்.

இருவரும் திரும்பினார்கள்.

"மொதல்ல அவரு மாட்டினாருதான். அவரு பஸ் ஏறினதும் கெரி வந்து உள்ள இருந்ததையெல்லாம் எடுத்துட்டுப் புதுசாப் போட்டான். என் தங்கச்சி வீட்டுக்காரன். லைசென்ஸ் வெச்ச எலக்ட்ரீஷியன். அவனைக் கேளுங்க, அதுக்கு உண்டான பேப்பர் எல்லாம் தருவான்."

நார்மன் டை முடிச்சிலிருந்து கையை எடுத்தார். நபீலா இருவர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"நான் மாடி அறையை இன்னொரு தடவை அளந்துட்டு வந்துடறேன்," என்று சொல்லிவிட்டு விறுவிறுவென்று படியேறிப் போனாள். அந்த அறை அவள் ஏற்கெனவே இரண்டு பக்கமும் அளந்த அறை. நல்ல பெண்.

நார்மன் அடுப்படி நாற்காலியில் உட்கார்ந்தார்.

"அடுப்புப் பக்கத்து பிளக்கு?"

"கெரி."

"மாடி ஜன்னல் கொண்டி?"

"கெரி."

"ஷவர்?"

பெவ் தலையை மட்டும் ஆட்டினாள்.

"குளியலறையில அலமாரி ஒண்ணு வெச்சேனே. அலமாரிகூடவா?"

"அது… அது விழுந்துடுச்சு நார்மன்."

அவருக்குச் சிரிப்பு வரவில்லை. பெவ்வுக்கும் வரவில்லை.

"இத்தனை வருஷமா எம் பின்னாடி சிரிச்சிட்டிருந்தீங்களா?"

"யாரும் சிரிக்கல." இதைச் சொல்லும்போது பெவ்வுக்கு முதன்முதலாகக் கோபம் வந்தது. "சத்தியமா ஒரு நாளும் சிரிச்சதில்ல."

"அப்ப எதுக்கு? ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நான் வராம இருந்திருப்பேனே!"

"அதனாலதான் சொல்லல." அவள் எதிரே உட்கார்ந்தாள். "மார்ஜரி போன அந்த வசந்தத்துல ஒரு சனிக்கிழமை வந்து கதவைத் தட்டினீங்க. வாடகை நாளும் இல்ல, ஒண்ணும் இல்ல. புதுசா வாங்கின பையோட, விலைச் சீட்டைக்கூடக் கழட்டல. கண்ணெல்லாம் வீங்கிக் கெடக்கு. 'குழாய் எதுவும் சொட்டுதா பெவ்?'னு கேட்டீங்க. எந்தக் குழாயும் சொட்டல நார்மன். ஒண்ணுகூடச் சொட்டல. நான் சொட்டுதுன்னு சொன்னேன்."

மாடியில் நபீலா அறைக்குள் அங்குமிங்கும் நடக்கும் சத்தம் கேட்டது. நார்மன் மேசை விளிம்பைத் தடவிக்கொண்டிருந்தார். பிறகு எழுந்தார், தொப்பியை எடுத்தார், பையை எடுத்தார். போய்வருகிறேன் என்றுகூடச் சொல்லாமல் முன்வாசல் வழியாகப் போனார். அவர் வாழ்க்கையில் அப்படி நடந்துகொண்டது அதுதான் முதல் தடவையாக இருக்கும்.

நபீலா இறங்கி வந்து, வெறும் நாற்காலியைப் பார்த்துவிட்டு, மெல்லிய குரலில் சொன்னாள்: "கெரியோட பேப்பரை அனுப்பச் சொல்லுங்க. வீட்டுல ஒரு குறையும் இல்ல. நான் அப்படித்தான் எழுதப் போறேன்." வாசல் வரை போய்த் திரும்பினாள். "அந்த டீ… இப்ப ஒரு கப் குடிச்சா தப்பில்லன்னு தோணுது. உங்களுக்கும் சேத்துப் போடுங்க."

அதற்கப்புறம் பெவ்வுக்குச் சோறு தண்ணீர் இறங்கவில்லை. நார்மனுக்குப் போன் செய்யலாமா என்று எடுப்பாள், வைத்துவிடுவாள். என்னவென்று பேசுவது? நடுவில் ஒரு நாள் வேலை முடிந்து வரும்போது, கோட்டு போட்ட ஆள் ஒருவன் நடுத்தெருவில் நின்று அவள் வீட்டுப் பக்கமாகப் படம் எடுத்துக்கொண்டிருந்தான். ஏஜென்ட்தான் என்று நினைத்து விறுவிறுவென்று நடந்தாள். கிட்டப் போய்ப் பார்த்தால் பக்கத்து வீட்டைத்தான் எடுத்தானாம். அன்று இரவு பரண்மேல் இருந்த அட்டைப் பெட்டிகளை இறக்கி வைத்தாள். பழகிய கைதானே, இறக்கிவைத்தால் மனம் ஆறும் என்று நினைத்தாள். ஆறவில்லை. அந்த வீட்டை விட்டுப் போக அவளுக்கு இஷ்டமில்லை. அதை வாய்விட்டுச் சொல்லி, அடுப்படியில் தனியாக உட்கார்ந்து அழுதாள்.

முதல் சனிக்கிழமை வந்தது. வருவார் என்று அவள் எதிர்பார்க்கவில்லை. இருந்தாலும் பேருந்து நிற்கும் சத்தம் கேட்டதும் காது அங்கேயே போயிற்று. கதவு தட்டப்பட்டது.

நார்மன் நின்றிருந்தார். பை இல்லை. கைகளை எங்கே வைப்பதென்று தெரியாமல் கோட்டுக்குள் விட்டிருந்தார்.

"லைசென்ஸ் வந்துடுச்சு," என்றார். "அஞ்சு வருஷத்துக்குக் குடுத்திருக்கான்."

"சந்தோஷம் நார்மன்."

"அந்த ஏஜென்ட் பய மறுபடியும் போன் பண்ணான். வேற வேலை இருந்தாப் பாருன்னுட்டேன்."

பெவ் கதவைப் பிடித்துக்கொண்டாள்.

"ரிப்பேர் ஒண்ணும் இல்லையே?"

"ஒண்ணும் இல்ல."

"அதானே." தெருவைப் பார்த்தார், தன் பூட்ஸைப் பார்த்தார். "உங்கிட்ட ஒண்ணு கேக்கணும்னுதான் வந்தேன். அஞ்சு வருஷம்னு போட்டிருக்கான். நீ இருப்பியா பெவ்? ஒனக்கு இங்க இருக்கப் பிடிச்சிருக்கா?"

இத்தனை வீடுகளில் இத்தனை வீட்டுக்காரர்கள் அவளிடம் எதையெதையோ கேட்டிருக்கிறார்கள். எப்போது காலி செய்வாய் என்று கேட்டிருக்கிறார்கள். இருப்பாயா என்று ஒருவர்கூடக் கேட்டதில்லை.

"இருப்பேன்," என்றாள். குரல் உடைந்துவிட்டது, அதைப் பற்றி அவளுக்கு வெட்கமில்லை. "உள்ள வாங்க. குளிருது."

நார்மன் பூட்ஸைக் கழற்றிவிட்டு, எந்தச் சுவரையும் எந்தக் குழாயையும் பார்க்காமல், நேராகப் போய் நாற்காலியில் உட்கார்ந்தார்.